பாலையில் நன்னீர்: நரம்புச் சிலந்தி நீங்கிய வரலாறு

நாட்டு வரலாறு எழுதப் புகுந்தோர் அரசர் முடிசூடிய ஆண்டையும் கோட்டை வீழ்ந்த நாளையும் ஆராய்ந்து எழுதி வைத்துள்ளனர். ஒரு சிற்றூரின் பெண்மக்கள் எங்கிருந்து நீர் கொணர்ந்தனர், அந்நீர் அவர்தம் குழந்தைகளுக்கு உயிரளித்ததா நோயளித்ததா என்பதை எழுதினோர் மிகச் சிலரே. ஆயினும் ஏழை எளியோர் வாழ்வை மாற்றியமைத்த நிகழ்ச்சிகளுள் பல இத்தகைய செய்திகளிலேதான் அடங்கிக் கிடக்கின்றன. நம் நாட்டின் மேற்கு எல்லையிற் பரந்து கிடக்கும் தார்ப் பாலைவனத்துச் சிற்றூர்கள் நல்ல குடிநீர் பெற்ற வரலாறு அவற்றுள் ஒன்று. அதனை இவ்வாண்டு மலரிற் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

தாயகத்தை விட்டு வந்து வெளி மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நாம், இராஜஸ்தானத்தை அதன் கோட்டைகளாலும் அரண்மனைகளாலும் அறிவோம். விடுமுறை நாட்களிற் பிள்ளைகளை அழைத்துச் சென்று அவற்றைக் காட்டியும் வருகின்றோம். அக்கோட்டைகளைச் சூழ்ந்துள்ள மணற்காட்டுச் சிற்றூர்களிலும் ஒரு பெரும் போர் நடந்து, வெற்றியும் கிட்டியது. அப்போரில் வாளும் இல்லை, வேலும் இல்லை. அதிலே தமிழகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அதனை உரிய இடத்திற் கூறுவோம்.

மழையும் மக்கள் அறிவும்

ஜெய்சல்மேர் வட்டாரத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரி 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. சென்னையிற் பெய்வதோ ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அச்சிறு மழையும் சில நாட்களிலேயே பெய்து ஓய்ந்துவிடும். சில ஆண்டுகளில் அதுவும் பொய்த்துவிடும். நிலத்தடி நீரோ பல இடங்களில் உப்புக் கரிப்பது. மிகுந்த ஆழத்திற் கிடப்பது. இவ்வளவு இன்னல்கள் இருந்தும், உலகப் பாலைவனங்களுள் மக்கள் நெருக்கம் மிக்கது தார் என்பர். இது எவ்வாறு இயன்றது?

அந்நிலத்து மக்களின் நீரறிவே அதற்குக் காரணம். வீட்டு முற்றத்திலும் வயலோரத்திலும் நிலத்தை அகழ்ந்து, சுண்ணாம்பு பூசி, வட்டமான நிலவறை அமைப்பர். அதனைச் சுற்றிலும் தரையைச் சரிவாகத் திருத்தி, விழும் மழைநீர் ஒரு துளியும் வீணாகாமல் அவ்வறைக்குள் வடியுமாறு செய்வர். இதற்கு ‘டாங்கா’ என்று பெயர். நீர் வடியும் தரையிற் செருப்புடன் நடத்தல் ஆகாது. ஆடுமாடு மேய்த்தல் ஆகாது என்னும் கட்டுப்பாடுகளும் இருந்தன. மணலின் கீழே ஜிப்சப் படுகை உள்ள இடங்களில், மழைநீர் அப்படுகையைக் கடந்து உப்பு நீரோடு கலவாமல் மேலேயே தங்கும். அதனை ஊறவைத்து எடுக்கக் குறுகிய கிணறுகள் தோண்டினர். அவற்றைப் ‘பேரி’ என்றனர். ஜெய்சல்மேர்ப் பகுதியில் வாழ்ந்த பாலிவால் அந்தணர்கள், பாறைச் சரிவில் ஓடிவரும் நீரை நீண்ட கரைகளால் தடுத்து, அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விளைத்தனர். ‘கடீன்’ எனப்படும் இம்முறை ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுப் பழமை உடையது.

ஊர்ப் பொதுவிற் குளங்கள் இருந்தன. ஆழ்ந்த கிணறுகளில் ஒட்டகத்தைப் பூட்டித் தோற்பையால் நீர் இறைத்தனர். நம் ஊர்களில் எருது பூட்டிக் கவலை இறைத்ததை ஒத்தது அது. அரசரும் வணிகரும் அறம் கருதி அழகிய படிக்கிணறுகளைக் கட்டுவித்தனர். நீர்மட்டம் இறங்க இறங்க, மக்களும் படி வழியே இறங்கிச் சென்று குடத்தை நிரப்பிக்கொள்ளலாம். கயிறு வேண்டா, உருளை வேண்டா. அவற்றின் வேலைப்பாட்டை இன்றும் கண்டு வியக்கின்றோம்.

இவ்வளவு திறமை இருந்தும் நீர் சுமக்கும் பாரம் முழுவதும் பெண்கள் தலைமீதே விழுந்தது. கோடையில் அருகிலுள்ள குளம் வற்றினால் அடுத்த ஊர்க் குளத்துக்கும், அதுவும் வற்றினால் அதற்கு அப்பாலும் நடந்தனர். விடியுமுன் புறப்பட்டு வெயில் ஏறிய பின் திரும்பினர். தாய்க்குத் துணையாகப் பெண் குழந்தையும் சிறு குடத்துடன் சென்றது.

சம்வத் ஐம்பத்தாறு

மூன்று வகைப் பஞ்சத்தைப் பாலைவன மக்கள் அறிவர். தானியம் இன்மை ஒன்று; தண்ணீர் இன்மை ஒன்று; தீவனம் இன்மை ஒன்று. மூன்றும் ஒருங்கே வந்தால் அதனைத் ‘திரிகால்’ என்பர். விக்கிரம சம்வத் 1956-இல், அஃதாவது 1899-1900-இல், வந்த பஞ்சம் அத்தகையது. ‘சப்பனியா’, அஃதாவது ஐம்பத்தாறாம் ஆண்டுப் பஞ்சம், என்று அதனை இன்றும் நினைவு கூர்கின்றனர். மக்கள் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டு வெளியேறினர். கால்நடைகள் வழியெங்கும் மடிந்தன. பஞ்சத்தைத் தொடர்ந்து நோய்களும் பரவின. பிக்கானேர் அரசின் மக்கள் தொகை 1891-ஆம் ஆண்டுக் கணக்கில் எட்டு லட்சத்துக்கு மேல் இருந்தது. 1901-ஆம் ஆண்டுக் கணக்கில் ஆறு லட்சத்துக்கும் கீழே இறங்கியது.

பிக்கானேர் மன்னர் கங்கா சிங் அப்போது முழு அதிகாரம் ஏற்று ஓராண்டே ஆகியிருந்த இளைஞர். மழையை நம்பி மட்டும் நாட்டை ஆளல் இயலாது என்னும் பாடத்தை அப்பஞ்சம் அவருக்குப் புகட்டியது. பல்லாண்டு முயற்சிக்குப் பின், சட்லெஜ் ஆற்று நீரைத் தம் நாட்டுக்குக் கொணரும் கங்கக் கால்வாயை 1927-இல் திறந்து வைத்தார். இன்று ஸ்ரீகங்காநகர் மாவட்டத்திற் பசுமை தழைப்பது அதன் பயனே.

கால்வாய் வந்தது

அதே பிக்கானேர் அரசில் தலைமைப் பொறியாளராக இருந்த கன்வர் சேன், பாலைவனத்தின் உட்பகுதிவரை நீர் கொண்டு செல்லும் பெருந்திட்டம் ஒன்றை 1948-இல் வகுத்தளித்தார். பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் கூடும் ஹரிகே என்னுமிடத்தில் 1952-இல் அணை கட்டி முடிக்கப்பெற்றது. 1958 மார்ச்சு 31-ஆம் நாள், உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த் இராஜஸ்தான் கால்வாய்ப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 அக்டோபர் 11-ஆம் நாள் நௌரங்தேசர் கிளைக் கால்வாயில் முதன் முதலாக நீர் திறந்துவிடப்பட்டது. அதனைத் திறந்து வைத்தவர் அந்நாளிற் குடியரசுத் துணைத் தலைவராக இருந்த டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். திருத்தணியிற் பிறந்து, சென்னையிற் கல்வி கற்று, அங்கேயே ஆசிரியப் பணி தொடங்கிய பேரறிஞர் கையால் தார்ப் பாலைக்கு இமயத்து நீர் வந்தது என்பது நாம் நினைந்து மகிழத் தக்கது.

பின்னர் இந்திரா காந்தி கால்வாய் எனப் பெயர் பெற்ற இதன் ஊட்டுக் கால்வாய் 204 கிலோமீட்டர்; தலைமைக் கால்வாய் 445 கிலோமீட்டர். 1987-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெய்சல்மேர் மாவட்டத்து மோகன்கட் அருகே அதன் கடைமுனைவரை நீர் சென்றடைந்தது. பயிருக்கு மட்டுமின்றிக் குடிநீருக்கும் இது பயன்படுகின்றது. ஏற்றுக் கால்வாய்களின் வழியே பிக்கானேர், ஜோத்பூர் நகரங்களும் பல சிற்றூர்களும் இந்நீரைப் பருகுகின்றன.

இது பெருஞ்சாதனை, ஐயமில்லை. ஆயினும் கால்வாய் எட்டாத சிற்றூர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. கால்வாய் எட்டிய இடங்களிலும் புதிய இடர்கள் தோன்றின. சில பகுதிகளில் நீர் தேங்கி நிலம் உவரானது. தேங்கிய நீரிற் கொசு பெருகியது. முன்பு மலேரியா அரிதாக இருந்த மேற்கு இராஜஸ்தானத்தில் 1994-இல் அந்நோய் கொள்ளை நோயாகப் பரவிப் பலர் உயிரைக் கவர்ந்தது. அவ்வாண்டு மழை மிகுந்ததும், பாசனத்தால் நிலத்தின் இயல்பு மாறியிருந்ததும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன.

இங்கே ஓர் உண்மை புலனாகின்றது. நீரைக் கொணர்தல் ஒரு செயல். அதனைத் தூய்மையாக மக்கள் வாயில்வரை சேர்த்தல் மற்றொரு செயல். முன்னதை முன்னோர் குளத்தாலும் டாங்காவாலும் செய்தனர். அரசினர் கால்வாயாற் செய்தனர். பின்னது நிறைவேறாத வரையில், அருமையாகச் சேர்த்த நீரே ஏழையின் காலை முடக்கியது. அந்த நோயின் கதையை இனிக் கூறுவோம்.

நீருக்குள் இருந்த பகை

நம் முன்னோர் ‘நரம்புச் சிலந்தி’ என்று ஒரு நோயைக் குறித்தனர். வடநாட்டார் அதனை ‘நாரு’ என்பர். உலக வழக்கிற் கினிப் புழு நோய் என்பது அதுவே. காலில் ஒரு கொப்புளம் எழும். தீயிற் சுட்டதுபோல் எரியும். அது உடைந்ததும் வெண்ணிறமான நூல் ஒன்று தலை நீட்டும். பார்ப்பதற்கு நரம்பு வெளிவருவதுபோல் இருப்பதால் அப்பெயர் வந்தது போலும். உண்மையில் அது நரம்பன்று. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம்வரை வளரும் பெண் புழு.

எரிச்சல் தாங்காது நோயாளி குளத்திலோ படிக்கிணற்றிலோ காலை நனைப்பார். அவ்வேளையில் அப்புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் விடும். கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ‘சைக்ளாப்ஸ்’ என்னும் நீர்ப்பூச்சி அவற்றை உண்ணும். இரண்டு வாரங்களில் அக்குஞ்சுகள் நோயூட்டும் ஆற்றல் பெறும். அந்நீரைக் குடிப்பவர் பூச்சியையும் சேர்த்து விழுங்குவார். வயிற்றிற் பூச்சி செரித்துப்போகும்; குஞ்சோ குடலைத் துளைத்து உடலுக்குள் வளரும். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, முன்னவர் நின்ற அதே படியில், பின்னவர் புண்ணான காலோடு வந்து நிற்பார். இவ்வாறு நோய் ஊரைவிட்டு நீங்காமல் சுழன்றுகொண்டே இருந்தது. ரஷ்ய அறிஞர் பெத்சென்கோ 1870-ஆம் ஆண்டையொட்டி நடு ஆசியாவிற் செய்த ஆராய்ச்சியாற்றான் நீர்ப்பூச்சியின் பங்கு உலகுக்குத் தெரியவந்தது.

இந்நோய்க்கு மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை. ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வாராது என்னும் காப்பும் இல்லை. வெளிவரும் புழுவை ஒரு குச்சியிற் சுற்றி, நாளொன்றுக்குச் சிறிது சிறிதாக இழுத்தெடுத்தலே தொன்றுதொட்டு வந்த மருத்துவம். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். இடையில் அறுந்தாலோ புண் சீழ்பிடித்து மூட்டு முடங்கும்.

நோய் ஆளைக் கொல்வது அரிது. குடும்பத்தின் விளைச்சலையே அது கொல்லும். தாரில் முதல் மழை பெய்த சில நாட்களுக்குள் கம்பும் நரிப்பயறும் கொத்தவரையும் விதைத்தாக வேண்டும். ஈரம் காய்ந்தபின் விதைத்துப் பயனில்லை. அந்தக் கோடையிறுதியிலும் மழைத் தொடக்கத்திலுமே இப்புழு மிகுதியாக வெளிப்பட்டது. உழுபவன் கட்டிலிற் கிடக்க, மேகம் வந்து பெய்து போயிற்று. தாய் கிடந்தாற் குழந்தைக்குச் சோறில்லை. அவள் சுமந்த குடத்தை மகள் சுமந்தாள். மகளின் பள்ளிப் படிப்பு நின்றது. கடன் வாங்கிய குடும்பம் அடுத்த மழைக்கும் அதே குளத்து நீரையே குடித்தது. பிறர் கண்ணுக்கு இது வறுமையின் விளைவாகத் தோன்றியது. வறுமைக்கு இதுவே ஒரு காரணமாகவும் இருந்தது.

நெடுங்காலமாக அறச்செயலின் அடையாளமாகப் போற்றப்பட்ட படிக்கிணறு, அதன் படிகளாலேயே இந்நோய்க்கு வழி வகுத்தது. கயிற்றால் இறைக்கும் கிணற்றில் நோயாளியின் கால் படுவதில்லை. படியிறங்கும் கிணற்றிலோ நாள்தோறும் பட்டது.

ஒழித்த வகை

ஐக்கிய நாடுகள் அவையின் குடிநீர்ப் பத்தாண்டு 1981-இல் தொடங்கியது. நல்ல குடிநீர் கிடைத்ததா என்பதை அறிய, கினிப் புழு ஒழிந்ததா என்று பார்ப்பதே தக்க அளவுகோல் என அறிஞர் முடிவு செய்தனர். தூய நீர் ஒன்றினாலேயே அடியோடு நீங்கக்கூடிய நோய் அது. இந்திய அரசினர் 1983-84-இல் நாடளாவிய ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கினர். இத்தகைய திட்டத்தை முதலில் மேற்கொண்ட நாடுகளுள் முன் நின்றது நம் நாடு. தில்லியிலுள்ள தேசியத் தொற்றுநோய் நிறுவனம் அதனை நெறிப்படுத்தியது.

தொடக்கத்தில் ஏழு மாநிலங்களில், 89 மாவட்டங்களில், பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட சிற்றூர்களில் நோய் இருந்தது. 1984-இல் ஏறத்தாழ 40,000 நோயாளிகள் கணக்கிடப்பட்டனர். அவ்வேழனுள் தமிழ்நாடும் ஒன்று. ஆயினும் தமிழ்நாட்டில் 1980-களின் தொடக்கத்திலேயே நோய் நின்றது. நோய் நெடுநாள் நிலைத்து நின்ற மாநிலம் இராஜஸ்தானம்.

கையாண்ட முறைகள் எளியவை. முதலாவது, கணக்கெடுப்பு. பணியாளர் ஆண்டுக்குப் பலமுறை வீடுவீடாகச் சென்று, புழு வெளிப்பட்டவர் உளரோ என வினவினர். கண்டவுடன் புண்ணைக் கட்டி, அவர் நீரில் இறங்காதவாறு அறிவுறுத்தினர். இரண்டாவது, வடிகட்டுதல். குடத்தின் வாயில் இருமடித்த நெருக்கமான துணியை இட்டு நீரை ஊற்றினால் சைக்ளாப்ஸ் துணியிலேயே தங்கிவிடும். விறகு அரிதான நாட்டில் நீரைக் காய்ச்சிக் குடி என்றல் பயனற்ற அறிவுரை. துணியோ எல்லா வீட்டிலும் உண்டு. மூன்றாவது, குளங்களிலும் கிணறுகளிலும் ‘டெமிபாஸ்’ என்னும் மருந்தை அளவறிந்து இட்டு நீர்ப்பூச்சியை அழித்தல். நான்காவது, படிக்கிணறுகளைச் சுவரெழுப்பி மூடி, கயிற்றால் இறைக்கும் கிணறுகளாக மாற்றுதல். ஐந்தாவது, புதிய நன்னீர் ஊற்றுகளை அமைத்தல். ஆழ்துளைக் கிணறும், அடிகுழாயும், குழாய்வழி நீரும் இதில் அடங்கும்.

தமிழகத்தின் பங்கு என்று முன்னர்க் கூறினோமல்லவா? அது இந்த அடிகுழாயில் உள்ளது. முன்பு ஊர்களில் நட்ட வார்ப்பிரும்புக் குழாய்கள் வீட்டுப் பயனுக்கு ஏற்றவை. நாளெல்லாம் ஓர் ஊரே அடித்தால் சில திங்களில் உடைந்துபோயின. மகாராட்டிரத்துச் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் தொண்டு நிறுவனத்தார் உறுதியான குழாய் ஒன்றை உருவாக்கியிருந்தனர். அதனை அடிப்படையாகக் கொண்டு, யுனிசெப் நிறுவனமும் இந்திய அரசினரும் 1970-களின் நடுவில் ஒரு புதிய குழாயை வகுத்தனர். சென்னையிலிருந்த ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் தொழிற்சாலை அதனைச் செய்து தந்தது. நிலத்தடி நீர் ஆழ்ந்து கிடக்கும் கோயம்புத்தூர் வட்டாரத்தில் 1976-77-இல் அதனை நட்டு, ஊர் மக்களே ஓயாது அடிக்கச் செய்து சோதித்தனர். ‘இந்தியா மார்க் 2’ என்று பெயர் பெற்ற அக்குழாய் நாடெங்கும் இலட்சக்கணக்கில் நிறுவப்பட்டது. பிற நாடுகளுக்கும் சென்றது. பின்னர், பழுது பார்ப்பதை மேலும் எளிதாக்கிய மார்க் 3 வகையும் கோவை வட்டாரத்துச் சோதனையிலிருந்தே வந்தது.

நீர் மிக ஆழத்தில் உள்ள மேற்குத் தார் ஊர்களில் அடிகுழாய் பயன்படாது. அங்கே மின்விசையால் இறைத்துக் குழாய்வழி அனுப்பினர். ஆரவல்லி மலைத்தொடரை ஒட்டிய தென் மாவட்டங்களான உதயப்பூர், டூங்கர்பூர், பன்ஸ்வாரா ஆகியவை பாலைவனம் அல்ல. ஆயினும் பழங்குடி மக்கள் மிக்க அம்மாவட்டங்களில் இந்நோய் கடுமையாக இருந்தது. அங்கே யுனிசெப், சுவீடன் நாட்டு உதவி ஆகியவற்றோடு 1986-இல் தொடங்கிய ‘ஸ்வச்’ திட்டம் அடிகுழாய்களைப் பெருமளவில் நிறுவியது. அத்திட்டத்திற் பழங்குடிப் பெண்களுக்கே குழாயைக் கழற்றி மாட்டப் பயிற்சி அளித்தனர். பெண்ணுக்கு இரும்பு வேலை ஆகுமோ என்று ஐயுற்றோர் இருந்தனர். குழாய் கெட்டால் நெடுந்தொலை நடப்பவள் அவளே. ஆதலின் அதனை விரைந்து செப்பனிடும் அக்கறையும் அவளுக்கே மிகுதி என்பது விரைவிற் புலனாயிற்று.

மக்கள் மனத்தை மாற்றுதலே கடினமாக இருந்தது. படிக்கிணற்று நீர் இனிப்பு. குழாய் நீர் சற்று உவர்ப்பு. இனிய நீரில் நோய் உண்டு, உவர் நீரில் நலம் உண்டு என்றால் யார் நம்புவர்? புழு குருதிக் கெடுதியால் வருவது, ஊழ்வினையால் வருவது என்ற எண்ணமும் வேரூன்றி இருந்தது. பணியாளர் குளத்து நீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து வெயிலிற் காட்டி, அதனுள் துள்ளும் பூச்சிகளைக் காட்டினர். கண்ணாற் கண்டதை மறுப்பார் இல்லை. துணி வடிகட்டி வீடுதோறும் குடத்தின் மேல் ஏறியது.

நோயாளிகளின் தொகை ஆண்டுதோறும் சுருங்கியது. 1996 ஜூலையில் ஜோத்பூர் மாவட்டத்தில் ஒருவருக்கு நோய் கண்டது. இந்தியாவில் அதுவே கடைசி. அதன் பின்னரும் பணியாளர் வீடுவீடாகச் செல்வதை நிறுத்தவில்லை. நோயாளியைப் பற்றித் தகவல் தருவோர்க்குப் பரிசும் அறிவிக்கப்பட்டது. பரிசு பெறத்தக்க நோயாளி ஒருவரும் கிடைக்கவில்லை. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலக நல நிறுவனத்தின் சான்றாணையம் இந்தியாவை இந்நோய் நீங்கிய நாடாக ஏற்றது. பெரியம்மைக்குப் பின் நம் நாடு அடியோடு ஒழித்த இரண்டாவது நோய் இது. உலகத்தில் 1986-இல் ஏறத்தாழ 35 லட்சம் பேரை வாட்டிய இந்நோய், 2023-இல் வெறும் 14 பேருக்கே வந்தது. அவர்கள் அனைவரும் ஆப்பிரிக்க நாடுகளில் உள்ளவர்கள்.

ஊர் பெற்ற பயன்

இதனாற் சிற்றூர் அடைந்த பயனை எண்ணிப் பார்ப்போம். விதைப்புக் காலத்தில் உழவன் எழுந்து நடந்தான். விதை ஈரத்தில் விழுந்தது. வாரக்கணக்கிற் கட்டிலில் கிடந்த தாய் கிடக்கவில்லை. ஊருக்குள்ளேயே நீர் கிடைத்த இடங்களில் காலைப்பொழுது பெண்களுக்கு மீண்டது. சிலர் அதனைக் கறவை மாட்டுக்குச் செலவிட்டனர். சிலர் தையலுக்கும் நெசவுக்கும் செலவிட்டனர். சிறுமி பள்ளி மணி அடிக்குமுன் போய்ச் சேர இயன்றது. கைகழுவவும் பாண்டம் துலக்கவும் நீர் கிடைத்ததால், குழந்தைகளை வாட்டிய வயிற்றுப்போக்கும் கண்ணோயும் தணிய வழி பிறந்தது. புழு ஒழிந்தது கணக்கேட்டில் ஒரு வரியாக உள்ளது. அதனால் விளைந்த நன்மைகள் எந்தக் கணக்கேட்டிலும் முழுமையாக அடங்கா.

இனியும் செய்ய வேண்டுவன

எல்லாம் முடிந்ததென இருத்தல் கூடாது. குளத்து நீரை விட்டு ஆழ்துளை நீருக்கு வந்த ஊர்கள் சிலவற்றில் வேறொரு கேடு காத்திருந்தது. நிலத்தடிப் பாறையிலிருந்து கரையும் புளோரைடு மிகுதியானால் பல் கறைபடும், எலும்பு வளையும். நாகௌர் மாவட்டத்தில் முதுகு வளைந்தோர் மிக்க ஒரு பகுதிக்குப் ‘பாங்கா பட்டி’, அஃதாவது கோணல் நிலம், என்றே பெயர் வந்துவிட்டது. இந்நோயைப் பற்றிய தொடக்க ஆராய்ச்சிகளுள் ஒன்று, 1937-இல் அந்நாளைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதி மக்களிடையே செய்யப்பட்டது. இத்தகைய ஊர்களுக்குக் கால்வாய் நீரும், மூடிய டாங்காவிற் சேர்த்த மழைநீருமே நல்ல மாற்று. முன்னோர் முறை, இன்றைய அறிவோடு சேர்ந்து மீண்டும் பயன்படுவதை இங்கே காண்கின்றோம். கால்வாய் நீரும் கவலைக்கு அப்பாற்பட்டதன்று. பஞ்சாபின் ஆலைக் கழிவுகள் சட்லெஜில் கலந்து ஹரிகேவரை வருகின்றன. அங்கே அசட்டை செய்தாற் பாலைவனத்தான் வாயில் அது சேரும்.

2019 ஆகஸ்டு 15-ஆம் நாள், ஊரக வீடுகள் அனைத்துக்கும் குழாய்நீர் வழங்கும் ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்நாளில் நாட்டின் ஊரகக் குடும்பங்களுள் ஏறத்தாழ ஆறில் ஒன்றுக்கே குழாய் இருந்தது. அதன்பின் கோடிக்கணக்கான வீடுகளுக்குக் குழாய் சென்றுள்ளது. குழாயை நடுதல் பாதி வேலை. அதில் நாள்தோறும் நல்ல நீர் வருமாறு காத்தல் மறுபாதி. குழாய் வறண்டால், பழைய குளத்துக்கே மக்கள் திரும்ப நேரிடும்.

நம் குடியிருப்பில் மேல்தொட்டி நீர் ஒருநாள் தடைப்பட்டால் எவ்வளவு தவிக்கின்றோம் என்பது நம் தாய்மார் அறிவர். அத்தவிப்பை வாழ்நாள் முழுவதும் கண்ட மக்கள், துணியையும் சுவரையும் குழாயையும் துணையாகக் கொண்டு ஒரு பெருநோயை ஓட்டினர். அவர்களுக்குத் துணைநின்ற பணியாளர்கள், கடைசி நோயாளி குணமான பின்னும் மூன்றாண்டுக்கு மேல் வெயிலில் நடந்து, ஒவ்வொரு வாயிலிலும் நின்று அதே கேள்வியைக் கேட்டனர். நோய் இல்லை என்ற விடை கிடைத்தும் அடுத்த வீட்டுக்குச் சென்றனர். இராஜஸ்தானத்துக் கோட்டைகளைக் காணச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு, வழியில் தென்படும் அடிகுழாயையும் மூடிய படிக்கிணற்றையும் காட்டி, இவ்வரலாற்றையும் சேர்த்துச் சொல்வோமாக.